மூளைக்கடை ஜிப்பக்கா

விண்வெளிக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடுப்பிலும் ஜிப்பு இருக்கிறது. நட்டநடு ஆகாயத்தில் அது சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்கள்? ராக்கெட்டைத் திருப்பிக்கொண்டு ஜிப்பக்காவிடம்தான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. வந்தாலும், பெரிய ஆள் என்று முன்னால் விடமாட்டாள். “ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வரிசையில உட்காருங்க” என்பாள். உலகத்தில் இதுவரை பிறந்த ஜிப்புகளும் இனிமேல் பிறக்கப்போகிற ஜிப்புகளும் அவள் பேரைக் கேட்டாலே தானாக மூடிக்கொள்ளும். சுறாமீனின் வாயைக்கூட ஒரே ஒரு ரன்னரைக் கோத்து அவளால் மூடிவிட முடியும். சுறாதான் இன்னும் கடைப்பக்கம் வரவில்லை.

சுறா என்ன சுறா, யாருமே வரவில்லை. அதுதான் பிரச்சினை.

ரன்னர் என்றால், ஜிப்பை இழுக்கும்போது மேலும் கீழும் ஓடுமே, அந்தக் குட்டி இரும்புத்துண்டு. அதை மாற்றுவது, பல் போன ஜிப்பைப் பிரித்துப் புதிதாகத் தைப்பது, இழுவைப் பெட்டிக்குச் சக்கரம் போடுவது, அறுந்த தோள்பட்டை வாரை ஒட்டுப்போடுவது, இதெல்லாம்தான் அவள் தொழில். இதற்கு முன்னால் பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தாள். அங்கே அவளுக்கு இடது பக்க வார் மட்டும்தான் கொடுப்பார்கள். வலது பக்க வாரை வேறொருத்தி தைப்பாள். ஒருநாள் மேற்பார்வையாளரிடம் போய், “முழுப் பை எப்படியிருக்கும்னு ஒரு தடவை காட்டுங்களேன்” என்று கேட்டாள். அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன ஒருத்தரும் இருந்தார். அவருடைய கைப்பையில் ஜிப்பு போயிருந்தது. இவள் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தாள். பையை வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். “அந்த ஜிப்பு மட்டும் மறுபடி கெட்டிருந்தா கண்டிப்பா வந்திருப்பாரு” என்று இவளே சொல்லிச் சிரிப்பாள். வேலையில் சுத்தமாக இருந்தால் இப்படியும் ஒரு நஷ்டம் உண்டு.

அப்புறம் சாலையைப் பார்த்தாற்போல ஒரு கட்டடத்தில் கடை போட்டாள். போகிற வருகிற கண்ணெல்லாம் அதன்மேல் விழும். நன்றாகத்தான் ஓடியது. பிறகு கட்டடக்காரர் மாடி கட்டினார். மாடிக்குப் படி வேண்டும். படிக்கு இடம் வேண்டும். அந்த இடம் ஜிப்பக்காவின் கடையாக இருந்தது. அவளுக்குப் பின்பக்கத்து மூலையைக் கொடுத்தார். இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, தண்ணீர் மோட்டாரைத் தாண்டி, யாரோ எப்போதும் ஈரத்துணி காயப்போட்டிருக்கும் கொடிக்குக் கீழே குனிந்து போனால் ஒரு பாதி ஷட்டர் தெரியும். உள்ளே கனத்த ஊசி போட்ட தையல் மெஷின், அளவு வாரியாக ரன்னர் நிரப்பிய பிஸ்கட் டப்பாக்கள், ரெக்சினும் பசையும் கலந்த வாசனை, வாடிக்கையாளருக்கென்று ஒரு நீளமான மரப்பெஞ்சு. ஜனங்கள் ‘அந்த மூலைக்கடை’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவளும் அதையே பலகையில் எழுதி மாட்டிவிட்டாள்: மூலைக்கடை. அதற்கப்புறம் சொல்வதற்கு ஜனங்கள்தான் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணன் என்றால் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆணி, பெயின்டு, பூட்டு, குழாய் என்று எல்லாம் விற்கிற ஹார்ட்வேர் கடைக்காரர். பெஞ்சில் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அவர் படுத்தும் காட்டினார்.

“சொகுசா இருக்கு ஜிப்பு. ஈ கூட தொந்தரவு பண்ணல.”

“கிண்டல் பண்ணத்தான் வந்தியாண்ணே?”

“நான் எதுக்குக் கிண்டல் பண்றேன்? பேசாம இதை மூடிட்டு வந்து என் கடை கல்லாவுல உட்காரு. ஃபேன் இருக்கு. நான் பார்த்துக்கறேன்.”

கல்லாவில் உட்காருவது அவளுக்குக் கஷ்டமான வேலை இல்லை. முன்னொரு தரம் உட்கார்ந்தும் இருக்கிறாள். கஷ்டம் என்னவென்றால், கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் அண்ணன், “நம்ம தங்கச்சிதான், பாவம்” என்று சொல்லுவார். குழாய் வாங்க வந்தவர் குழாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளைப் பார்ப்பார். பாசமாகத்தான் சொல்லுவார் அண்ணன். அந்தப் பாசத்தில்தான் அவளுக்கு மூச்சு முட்டும்.

“மழை முடியற வரைக்கும் டைம் குடு,” என்றாள் ஜிப்பக்கா.

“சரி. மழை விட்டதும் ஒருநாள் வருவேன். எப்போன்னு சொல்லமாட்டேன். இந்தப் பெஞ்சுல எனக்கு உட்கார இடம் இருந்துச்சுன்னா, ஷட்டரை இழுத்துட்டு என்கூட கிளம்பிடணும். சம்மதமா?”

“உனக்கு உட்கார இடம் இருக்காதுண்ணே.”

“பெஞ்சை எடுத்து ஒளிச்சு வைக்கக்கூடாது.”

அதைத்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சை நிரப்ப ஆள் வேண்டும். ஆளுக்கு வழி தெரியவேண்டும். இந்தக் காலத்தில் வழி கேட்கிறவன் கடைக்காரனையா கேட்கிறான்? போனைத்தான் கேட்கிறான். ஜிப்பக்காவும் தன் போனை எடுத்து ‘ஜிப் ரிப்பேர்’ என்று போட்டுப் பார்த்தாள். ‘நீங்கள் தேடுவது ஜீப் ரிப்பேரா?’ என்று அது மரியாதையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வரிசையாக வண்டிப் பட்டறைகளைக் காட்டியது. மேலே ஒரு பட்டறை, கீழே ஒரு பட்டறை, நடுவில் டயருக்குக் காற்றடிக்கிற இடம். ஜிப்பக்கா மட்டும் எங்கேயும் இல்லை.

இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே அந்தத் தெருவில் ஒரு டிஜிட்டல் தம்பி உலாவிக்கொண்டிருந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். கம்பெனியில் அவனைத் தவிர யாரும் கிடையாது. தன்னைத் தானே அடையாளம் தெரிந்துகொள்ளப் போட்டிருந்தான் போல.

“உங்களுக்கு ப்ரெசன்ஸே இல்லக்கா.”

“இதோ உன் எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்.”

“அதில்லக்கா, ஆன்லைன்ல. ஒருத்தர் தேடினா நீங்க முதல் பக்கத்துல வரணும். ரெண்டாவது பக்கத்துல இருக்கிறவங்க உயிரோட இருக்காங்களான்னே யாருக்கும் தெரியாது. முதல்ல பேரை மாத்துவோம். ‘பேக் ஸ்பா’. எப்படி?”

“பைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணுமா?”

“ஒரு பிராண்டுக்குக் கதை வேணும்க்கா. உங்க கதையை உருக்கமா எழுதிப் போடறேன். தனியா நின்னு போராடற பொண்ணு... படிக்கிறவங்க பாவம்னு நினைச்சு...”

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுமே அவன் பேச்சு முடிந்துவிட்டது. கொடித்துணி முகத்தில் அடிக்க அடிக்க அவன் ஓடியதைத் தண்ணீர் மோட்டார் மட்டும்தான் பார்த்தது.

சரி, நாமே போட்டுவிடுவோம் என்று ஜிப்பக்கா தீர்மானித்தாள். வரைபடத்தில் கடையைச் சேர்க்கும் இடத்தைத் தட்டித் தடவிக் கண்டுபிடித்தாள். தட்டச்சு செய்யக் கை ஒழியவில்லை, யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பெட்டியின் உள்துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் மைக் படத்தை முழங்கையால் அமுக்கிவிட்டுப் பேசினாள். வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவளுக்கு வாய்தான் ஊசிப்பெட்டி. குண்டூசி வைத்துக்கொண்டு ‘மூலை’ என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம், விழுங்கிவிடுவீர்கள். நாக்கு எங்கே போய் முட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போன் கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டது. ‘வகை’ என்று கேட்ட இடத்தில் ‘பழுது நீக்கும் சேவை’ என்று தேர்ந்தெடுத்தாள். ‘கடையைப் பற்றி’ என்ற இடத்தில் மனசிலிருந்து பேசினாள். பை, பெட்டி என்று சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் வேறு எதைத்தான் தைத்திருக்கிறாள்?

ஆக, உலகத்துக்குத் தெரிந்தது இதுதான்:

‘மூளைக்கடை. பழுது நீக்கும் சேவை. பழசு, புதுசு எதுவானாலும் பிரித்து, சுத்தம் செய்து, தைத்துத் தரப்படும். உங்கள் கண்முன்னாலேயே திறந்து காட்டுவோம். உள்ளே கிடக்கும் குப்பையைக் கொட்டிவிட்டுக் கொண்டுவரவும். காத்திருந்து வாங்கிக்கொண்டு போகலாம்.’

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினான். நண்பர்கள் அவரவர் மைத்துனர்களுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா? விமர்சனங்கள் வந்து குவிந்தன.

‘என் மச்சானுடையதைக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உறைதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நேர்மையான கடை. ஐந்து நட்சத்திரம்.’

‘தைத்து வாங்கியபிறகு முன்னைவிட நன்றாக யோசிக்கிறேன். ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை. நான்கு நட்சத்திரம்.’

‘கணவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மெதுவாகச் செய்யுங்கள், அவசரமில்லை.’

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் அண்ணனும் கட்டடக்காரரும் மட்டுமே கூப்பிட்ட போன் அது.

“மூளைக்கடைங்களா? எங்க மேனேஜருக்கு ஒண்ணு வேணும். சின்ன சைஸ் இருந்தாலும் போதும், இப்ப ஒண்ணுமே இல்லாம சமாளிச்சுக்கிட்டிருக்காரு.”

பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. ஜிப்பக்கா வைத்துவிட்டாள். அடுத்ததையும் வைத்தாள். அதற்கடுத்தவனைத் திட்டிவிட்டு வைத்தாள். பிறகுதான் தன் கடையின் பேரைப் போனில் படித்துப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்து அவற்றை முறைத்தாள். உடனே பேரைத் திருத்தி அனுப்பினாள். ‘உங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது’ என்றது போன். யார் பரிசீலிக்கிறார்களோ, அவர்களும் சிரித்து முடிக்கவேண்டும் அல்லவா?

ஊர் முழுக்கச் சிரிக்கிறது, பெஞ்சு காலியாக இருக்கிறது. மழை வேறு விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்திருந்தது. முடிகிற மழை அப்படித்தான் பெய்யும்.

அன்றைக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். “மூளை தச்சுத் தருவீங்களாமே? எங்க வீட்டுக்காரருக்கு ஓரத்துல கிழிஞ்சிருக்கு.” திட்டுவதற்கு ஜிப்பக்கா வாயைத் திறந்தாள். திட்டித் திட்டி வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. அதனால் வேறு என்னமோ வந்தது.

“சரிங்க, மூளை இருக்கட்டும். வீட்டுல ஜிப்பு போன பை ஏதாவது கிடக்குதா?”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அலமாரிக் கதவாக இருக்கவேண்டும்.

“...இருக்கு. நல்ல பை. ஜிப்பு மட்டும்தான் போச்சு. தூக்கிப்போட மனசு வரல.”

“கொண்டுவாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, பை தூக்க ஆள் வேணுமில்ல.”

இதுதான் ஜிப்பக்கா கண்டுபிடித்தது. ஜிப்பு போன பை இல்லாத வீடு உலகத்தில் எங்கேயும் கிடையாது. பரணில், கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், வாயைப் பிளந்துகொண்டு ஒன்று கிடக்கும். அதை வைத்திருக்கிறவர் யாரும் அதைச் சரிசெய்யும் இடத்தைத் தேடுவதில்லை. அது சரியாகும் என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் மூளைக்கடை என்று பார்த்தால் சிரிக்க வருகிறார்கள். சிரிக்க வாயைத் திறக்கிறவரிடம் பையைப் பற்றிக் கேட்டுவிடவேண்டும். அன்றிலிருந்து ஒரு அழைப்பைக்கூட அவள் வைக்கவில்லை. மேனேஜருக்கு மூளை கேட்டவனை அவளே திரும்பக் கூப்பிட்டாள். அவனிடம் சக்கரம் உடைந்த பெட்டி ஒன்று இருந்தது.

டிஜிட்டல் தம்பி எட்டிப் பார்த்தான், கொடிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு.

“அக்கா, ஊர்ல யார் எதைத் தேடினாலும் நீங்கதான் மேல வர்றீங்க. இது என்ன ஸ்ட்ராட்டஜிக்கா?”

“குண்டூசி.”

அவன் போனில் குறித்துக்கொண்டான். பாவி, இப்போதும் யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கையில் பரிசீலனை முடிந்துவிட்டது. காலையில் போனைப் பார்த்தால், ‘உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது’. கடை இப்போது தப்பில்லாமல் மூலைக்கடை. போன் கப்சிப். மதியம் வரை ஒரே ஒரு அழைப்பு, அதுவும் அண்ணன். “மழை நின்னுடுச்சு பார்த்தியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூலைக்கடை என்று தேடினால், எந்தெந்தத் தெருமுனையிலோ இருக்கிற மளிகைக்கடைகள் எல்லாம் வந்தன. சரியான எழுத்தோடு அவள் மறுபடியும் காணாமல் போயிருந்தாள்.

டிஜிட்டல் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். “திரும்ப மாத்தணும்னா பலகையோட போட்டோ கேப்பாங்கக்கா. போர்டுல என்ன இருக்கோ அதுதான் பேரு. பொய்ப் பேரு வச்சா கடையையே தூக்கிடுவாங்க” என்றான். முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னான்.

ஜிப்பக்கா முக்காலியைப் போட்டு ஏறினாள். சிவப்புப் பெயின்டைத் தொட்டு, பலகையில் இருந்த ‘லை’யை அழித்து ‘ளை’ என்று எழுதினாள். தமிழ் வாத்தியார்கள் மன்னிக்கவேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு அடியில் சின்னதாக, ‘பைக்கும் பெட்டிக்கும் மட்டும்’ என்று சேர்த்தாள். பிறகு கீழே இறங்கிப் படம் எடுத்து, பேரை ஒவ்வோர் எழுத்தாக விரலால் அடித்து அனுப்பினாள். இந்தமுறை வாயில் குண்டூசி இல்லை.

பொய்ப்பேரைத்தான் தூக்குவார்கள், மெய்யான மூளைக்கடையை யார் தூக்குவது? ஏற்றுக்கொண்டார்கள். போன் மறுபடியும் தொண்டையைத் திறந்தது. இந்தத் தடவை, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துப் பைகளும் வர ஆரம்பித்தன. திடீரென்று, ஒரே வகுப்பிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக. ஏன், எப்படி என்றெல்லாம் ஆராய்ச்சி வேண்டாம். எல்லாம் இணையத்தின் மகிமை.

அண்ணன் ஒரு நடுப்பகலில் வந்தார். கொடித்துணிக்குக் கீழே குனிந்து நிமிர்ந்தவர் பலகையைப் பார்த்தார். இன்னொருதரம் படித்தார். பிறகு உள்ளே பார்த்தார். பெஞ்சின் ஒரு முனையில், வீட்டுக்காரருக்கு ஓரத்தில் கிழிந்திருக்கிறது என்று சொன்ன அந்தப் பெண். பக்கத்தில் கிழிசல் எதுவும் வெளியே தெரியாத அவள் வீட்டுக்காரர், மடியில் பையோடு. அப்புறம் சக்கரம் உடைந்த பெட்டிக்காரன், அவனுடைய மேனேஜரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அடுத்து கிடார் உறையை அணைத்துக்கொண்டு ஒருத்தர், மருந்து விற்பனைப் பையோடு ஒருத்தர். கீழே தரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெஞ்சின் கடைசியில் ஒரு கை அகலம் மிச்சமிருந்தது. அண்ணன் அந்தக் கை அகலத்தைக் கண்ணால் அளந்தார். தன்னையும் அளந்தார். ஹார்ட்வேர்க்காரர், அளவு தப்பாது.

“உங்களுது என்னங்க ரிப்பேரு?” என்று மருந்துப்பைக்காரர் கேட்டார். “மூளையா, ஜிப்பா?”

“நான்... இவங்க அண்ணன்.”

மெஷினை நிறுத்தாமல் ஜிப்பக்கா சொன்னாள்: “எங்கண்ணன்தாங்க. பாவம், உட்கார இடமில்லாம நிக்கிறாரு.”

பெஞ்சு முழுவதும் திரும்பி அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. அண்ணனுக்குக் காது சிவந்தது. வெகுநேரம் அப்படியே நின்று அவள் தைப்பதைப் பார்த்தார். தங்கச்சி வேலை செய்வதை நின்று பார்த்தது அதுதான் முதல்முறையாக இருக்கும். பிறகு தோளில் மாட்டியிருந்த வசூல் பையை மெதுவாகக் கழற்றினார்.

“இதுக்கும் ஜிப்பு போயிடுச்சு. ரொம்ப நாளா ஊக்கு குத்தி வச்சிருக்கேன்.”

“அப்படி வச்சிட்டுப் போண்ணே. வரிசை இருக்கு. சாயந்தரம் வா.”

அண்ணன் குனிந்து, கொடியைத் தாண்டி, போய்விட்டார். ஷட்டர் மேலேயே இருந்தது.

கதை இங்கே முடிகிறது என்றுதான் இதை எழுதுகிறவள் நினைத்தாள். எழுதுகிறவள் அந்த அண்ணனுடைய மகள். அத்தை கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். பெரியவர்கள் எல்லாரும் போனபிறகு, அத்தை பள்ளிக்கூடப் பைகளை எடுத்து வரிசையாக மேசைமேல் அடுக்கினாள். ஒவ்வொரு ரன்னரையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உன் வகுப்புப் பிள்ளைங்க பையெல்லாம் ஒரே மாதிரி கெட்டிருக்கே?”

“ஒரே கம்பெனி போல அத்தை.”

“தானா கெட்டா ரன்னர் வாயைப் பொளந்துக்கும். இது எல்லாத்தையும் யாரோ கொறடு வச்சு நசுக்கியிருக்காங்க.”

“அப்படியா? யாரு அத்தை அப்படிப் பண்ணுவாங்க?”

“தெரியல. பாவம், என் பெஞ்சு நிறையாதுன்னு பயந்துபோன யாரோ. அந்தப் பிள்ளைங்க தரையிலதான் உட்கார்ந்திருந்தாங்க, கவனிச்சியா? பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் நானே போன்ல பேசி வரவழைச்சவங்க.”

எழுதுகிறவள் குனிந்து இன்னும் வேகமாக எழுதினாள்.

“இன்னொண்ணு. எல்லா ரன்னரும் இடப்பக்கமாத்தான் நசுங்கியிருக்கு,” என்றாள் அத்தை. “பேனாவைக் கீழ வச்சிட்டு, எழுதற அந்த இடது கையைக் கொஞ்சம் காட்டு.”